இ.தா.

மூடிக்கொண்டிருக்கும் கதவுகளுக்கு நடுவே கையை நீட்டுகிறார் லிஃப்ட் மெக்கானிக். பார்த்துக்கொண்டிருக்கும் காவலாளிக்குத்தான் பகீர் என்கிறது. விரல்களுக்கு ஒரு சாண் முன்னால் கதவு நின்று, பணிவாகப் பின்வாங்குகிறது. "பாத்தீங்களா, இதுக்குக் கண்ணு இருக்கு," என்கிறார். முன்பெல்லாம் அதோடு விடமாட்டார், உள்ளே போய் எட்டாம் மாடிப் பொத்தானை அழுத்தி, "கலம் புறப்படட்டும்!" என்று உத்தரவு போடுவார். இரண்டு வாரமாகப் பொத்தானை மட்டும் அழுத்துகிறார்.

அது ஒரு விண்கலத் தொலைக்காட்சித் தொடரில் வரும் உத்தரவு. அந்தத் தொடர் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அதன் இணைய ரசிகர் குழுவில் ஆயிரத்துச் சொச்சம் பேர். எந்தக் கலம் எந்தப் போரில் உடைந்தது என்று தகராறு வந்தால் தீர்ப்பு இவருடையது.

போன வருஷம் அந்தத் தொடரை மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். அதே ஆட்கள், அதே கலம். ஆனால் பழைய கதை எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு வேறொரு வரலாறு. இந்தப் புது வரலாற்றை என்னவென்று கூப்பிடுவது? குழு ரெண்டுபட்டது. 'புதுக்கோடு' என்றது ஒரு கட்சி, 'மறுபிறப்பு' என்றது இன்னொன்று. மெக்கானிக் மதியச் சாப்பாட்டு நேரத்தில், நாலு பேரைச் சிரிக்கவைக்கிற அரிப்பில் எழுதினார்: "மூத்தவ போன இடத்துக்கு வந்தவதானே? இரண்டாம் தாரம்னு கூப்பிடுங்க." முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு விழுந்தது. சுருக்கமாக, 'இ.தா.'

முதல் மனைவி இறந்து ஐந்து வருஷம் தனியாக இருந்துவிட்டு, மறுபடி கல்யாணம் செய்துகொண்டவர் அவர். வந்தவள் வீட்டில்தான் இருக்கிறாள். எழுதும்போது அவள் ஞாபகமே வரவில்லை என்பதுதான் இப்போது அவரை அரிக்கிறது.

பழைய தொடர் அவளுக்கு ஒட்டவில்லை. புதியதை விடாமல் பார்த்தாள். "இது நான் வந்தப்புறம் ஆரம்பிச்சது. ரெண்டு பேருக்கும் கதை தெரியாது, சமம்," என்பாள். போன மாதம் குழுவிலும் சேர்ந்துகொண்டாள்.

"என்னங்க, இ.தா.ன்னா என்ன?"

"இணைத் தாரகை," என்று வாயில் வந்ததை அடித்துவிட்டார்.

"அட, அழகா இருக்கே! யாரு வச்சாங்க?"

"யாரோ."

'இணைத் தாரகை என்ன அழகான பேர்!' என்று அவள் குழுவிலேயே எழுதிவிட்டாள். நாற்பது பேர் சிரித்தார்கள். அவள் யார் என்று தெரியாத ஒரு புண்ணியவான், மெக்கானிக்கின் பழைய பதிவை எடுத்து அப்படியே ஒட்டினார், பேரும் தேதியுமாக.

அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. பேரை மாற்றும்படி குழுவில் கெஞ்சிப் பார்த்தார். "நீங்க வச்ச பேருதானே அண்ணே, சூப்பரா ஓடுது!" என்றார்கள். காரணத்தைச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளிடம் மன்னிப்புக் கேட்க அடுப்படி வரை போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

ஞாயிறு மதியம் அடுத்த பகுதி வந்தது. அவள் வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். பிறகு மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"இரண்டாம் தாரம் முடிஞ்சுதுங்க," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அறைக்குள் போய்க் கதவைத் தள்ளினாள்.

கதவு நிலையைத் தொடுமுன் அவர் ஓடிப்போய் இடுக்கில் கையை வைத்தார். அந்தக் கதவுக்குக் கண் கிடையாது. அவர் கையை எடுக்கவில்லை.