போனில் ஜெயித்ததும் கீழே தோற்றதும்

போனில் போக்கர் நூறு ஆட்டம் ஆடினால் முப்பத்தொன்று ஜெயிக்கிறேன். நான் எண்ணவில்லை, போனே காட்டுகிறது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே கிளப் அறையில் புதன்கிழமை மதியம் நாங்கள் நான்கு பெண்கள் ஆடுவதற்கு அப்படிக் காட்ட ஒன்றும் இல்லை. அதனால் ஒரு மாதம் பழைய டயரியில் கோடு போட்டுப் பார்த்தேன். எண்பது ஆட்டத்தில் ஒன்பதுதான் என்னுடையது. அங்கேயும் இங்கேயும் காசு கிடையாது. கீழே பணயமாக வைப்பது கோட்டு பட்டன்கள்தான். இருந்தாலும் மனதுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆட்டமும் ஒன்றுதான், ஆடுகிறவளும் ஒருத்திதான்.

காரணம் எனக்கே தெரியும். மர்பி டவுனில் நாற்பது வருஷம் இருந்துவிட்டு, வீட்டுக்காரர் போன பிறகு மகனோடு வைட்ஃபீல்டுக்கு வந்தவள் நான். படிப்பு ஐந்தாவதோடு சரி. மற்றவர்களில் ஒருவர் கன்னட டீச்சராக இருந்தவர், ஒருவர் பேங்கில் இருந்தவர், இன்னொருவர் டாக்டரின் மனைவி. பட்டன் வைக்கும் முறை எனக்கு வந்ததும் ஆறு கண்களும் என் முகத்துக்கு வரும். உடனே இந்த ஆட்டம் வேண்டாம் என்று சீட்டைக் கவிழ்த்துவிடுவேன். ஒருநாள் கையில் இரண்டு ராஜா இருந்தும் கவிழ்த்தேன். டீச்சர் எட்டித் திருப்பிப் பார்த்துவிட்டார்.

"உங்க கைக்கு வர்ற ராஜாவுக்கு ஆயுசே இல்லரீ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போனில் என்னை யாரும் பார்ப்பதில்லை. அங்கே நான் துணிச்சல்காரி.

இதில் எது என் நிஜமான ஆட்டம் என்று மகனிடம் கேட்டேன். "எண்பது ஆட்டத்துல ஒண்ணும் தெரியாதும்மா. பத்தாயிரமாவது ஆடணும்" என்றான் சாப்பிட்டுக்கொண்டே. போனில் அது பெரிய விஷயமில்லை, தினம் நூறு ஆடினால் மூன்று மாதம் சொச்சம். கீழே வாரத்துக்கு இருபதுதான். விரல் விட்டு எண்ணினேன். பத்து வருஷம் வந்தது. எனக்கு எழுபத்தொன்று. மற்ற மூவரும் என்னைவிட மூத்தவர்கள்.

அந்தப் பத்து வருஷமும் அவர்களோடு உட்கார வேண்டும் என்று இருந்தது. தோற்றுக்கொண்டே உட்கார்ந்தாலும் சரி. வாரத்தில் என்னை 'வாங்க' என்று சொல்கிற இடம் அது ஒன்றுதான்.

மழை தொடங்கிய சமயம் டாக்டரின் மனைவி மகளோடேயே இருக்கக் கனடா போய்விட்டார். நான்கு பேர் இல்லாமல் அறை கொடுக்க முடியாது என்று அசோசியேஷனில் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் டான்ஸ் வகுப்புக்குப் போனது. நாங்கள் மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மூன்று பேர் ஆடலாம், இடம்தான் வேண்டும். டீச்சர் வீட்டில் கணவர் படுத்த படுக்கை. பேங்க் அம்மா வீட்டுக்குப் பேத்தி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"உங்க வீட்ல ஆகுமா?" என்று டீச்சர் கேட்டார்.

மருமகள் வாரம் முழுக்க எங்கள் ஹாலில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறாள். புதன்கிழமை மட்டும் ஆபீஸ் போவாள். அன்று சாயந்திரம் ஏழு மணிவரை வீட்டில் நான் ஒருத்திதான். அதைச் சொல்ல வாய்வரை வந்தது.

"மருமவள கேட்டுட்டு சொல்றேங்க" என்றேன்.

"பரவால்ல. சும்மா கேட்டேன், அஷ்டே, அவ்வளவுதான்" என்றார் டீச்சர். பிறகு அன்றைய சமையலைப் பற்றிப் பேசினோம்.

மருமகளைக் கேட்கவும் கேட்டேன். "இதுக்கெல்லாமா என்னைக் கேப்பீங்க? கூப்பிடுங்க அத்தை" என்றாள். நல்ல பெண்.

அடுத்த புதன் அவள் கிளம்பிப் போன பிறகு ஹாலைப் பெருக்கினேன். டீப்பாயைத் துடைத்து நடுவில் இழுத்துப் போட்டேன். மூன்று டம்ளர் எடுத்து வைத்தேன். டீச்சரின் நம்பர் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டால் முதலில் என்ன சொல்வது என்று யோசித்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை மணிக்கு டம்ளர்களை உள்ளே கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு, மருமகள் வருவதற்குள் டீப்பாயைச் சுவர் ஓரமாகத் தள்ளினேன்.