மருதாயிக்குக் கிடைக்காத கடிதம்

இலங்கை மலையகத்தின் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறு வருஷம் கொழுந்து பறித்த மருதாயி, வேலையிலிருந்து நின்ற கையோடு புருஷன் செல்லமுத்துவை இழுத்துக்கொண்டு திருச்சியில் போய் இறங்கினாள். மறுநாள் காலையில் துறையூர்ப் பக்கம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும். நான்கு தலைமுறையாகத் தள்ளிப்போன பொங்கல். ராத்தங்கலுக்கு பஸ் நிலையத்தருகே ஒரு லாட்ஜில் நுழைந்தார்கள்.

மேனேஜர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "இங்க ஃபாரினருக்கு ரூம் குடுக்கிறதில்லம்மா."

"யாருங்க பாரின்? என்னையப் பாத்தா வெள்ளக்காரி மாதிரியா இருக்கு?"

"கண்ணாடியப் பாத்துட்டுக் கேளு புள்ள," என்றார் செல்லமுத்து.

மருதாயி அவரை முறைத்தாள். அத்தாட்சி கேட்கும் அரசாங்க ஆபீஸ்களில், அவள் பேச்சில் கந்தோர்களில், ஏறி இறங்கியே பழகியவள். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் சந்தைக்குக்கூடப் போகமாட்டாள். அதை எடுத்து விரித்தாள். "அப்பாவோட இனம் இந்தியத் தமிழர்னு அரசாங்கமே எழுதியிருக்கு. வாசிச்சுப் பாருங்க!"

அவர் வாசித்தார். "பொறந்தது நுவரெலியான்னும் எழுதியிருக்கேம்மா."

மருதாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே ஐம்பத்தெட்டு வருஷமாக இந்தியாக்காரி என்றார்கள்; இங்கே கால் வைத்த மூன்றாவது மணி நேரத்தில் இலங்கைக்காரி என்கிறார்கள். அவள் மற்ற நாட்டுக்காரி என்பதில் மட்டும் இரண்டு தேசங்களுக்கும் என்ன ஒற்றுமை!

"சரிங்க, ரூம் வேணாம். நான் இலங்கைக்காரிதான்னு ஒரு கடிதாசி எழுதி சீல் அடிச்சுக் குடுங்க. எங்க ஊர் கந்தோர்ல காட்டணும்."

சீல் என்றதும் மேனேஜர் மிரண்டுபோய், வெளிநாட்டவரைச் சேர்க்கும் ஒரு விடுதிக்கு போன் போட்டு அறை பிடித்துக் கொடுத்தார். கடிதம் கிடைக்காத கோபம், மறுநாள் பொங்கலை இறக்கிய பிறகும் மருதாயிக்கு ஆறவில்லை.