சம்பந்தி வீட்டில் கரண்ட் வந்தது

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்வி கேட்டேன். கேட்டு வாய் மூடவில்லை... பந்தியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து ஓடிவிட்டார்கள்.

இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டுத்தான் பிழைக்கிறேன். பதில் தெரியாமல் முழிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கூரையை அண்ணாந்து பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு கேள்விக்கு மொத்த வகுப்பும் எழுந்து ஓடியதில்லை.

விஷயம் இதுதான். என் மூத்த மகள் மல்லிகாவுக்கு ஏனாத்தூரில் ஒரு வரன். பையன் பெயர் ஏகாம்பரம். பியூசி படித்தவர். ஆபீஸ் வேலை வேண்டாம் என்று சொந்தக் கழனியில் பயிர் வைக்கிறார். ‘படித்துவிட்டு ஏர் ஓட்டுகிறவனுக்கா பெண்ணைக் கொடுப்பது?’ என்று எனக்குக் கவலை. அவர்களுக்கு என்ன கவலை என்று பிறகுதான் தெரிந்தது!

பையன் வீட்டைப் பார்க்க நானும் என் கணவரும் போயிருந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வரன் பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்போம். பிடிக்காவிட்டால் தண்ணீரோடு எழுந்து வந்துவிடுவோம். அதாவது, முதல் கவளம்தான் கையெழுத்து.

நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். சோறும் விழுந்துவிட்டது. பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் அப்பா. எதிரே மாப்பிள்ளையும் அவருடைய சித்தப்பாக்களும். எல்லோரும் என் கையையே பார்க்கிறார்கள். என்ன செய்வேன்? கொஞ்சம் அவகாசம் கிடைக்கட்டும் என்று பேச்சுக் கொடுத்தேன்.

“இது உங்க கழனியில விளைஞ்ச ஐ.ஆர். எட்டு அரிசியா? ஆறினா கல்லாயிடுமாமே! உருட்டி எறிஞ்சா மண்டை உடையும்னு எங்க வகுப்புப் பசங்க சொல்றாங்க...”

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். அடுத்த நொடி மாப்பிள்ளை எழுந்தார். எழுந்தவர் ஒரே தாவலில் இலையைத் தாண்டி வெளியே ஓடினார். பின்னாலேயே சித்தப்பாக்கள். அவர்களுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே. பரிமாறிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா சாம்பார் வாளியை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஒரு வாளி சாம்பார்.

“என்னடி கேட்டே?” என்றார் என் கணவர்.

“சோத்தைப் பத்தித்தான்...”

“பொண்ணு கொடுக்க வந்த எடத்துல மண்டையை உடைக்கிற பேச்சு எதுக்கு? போச்சு. எல்லாம் போச்சு!”

அப்போதுதான் கவனித்தேன். பட்டப்பகலில் தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. இப்படியா வீணாக்குவார்கள் என்று எழுந்துபோய் அணைத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்காமல் ஊர் திரும்புவதா? இருவரும் அவர்கள் ஓடிய திசையில் போனோம். வாளியைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. வரப்பில் நான் சாம்பாரோடு நடக்க, பின்னால் அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

“பெரியவரே, நான் ஏதோ விளையாட்டுக்குக் கேட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க” என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா திருதிருவென்று விழித்தார். “இன்னா கேட்டீங்க? நான் எங்கம்மா காதுல வாங்கினேன்? பல்பு எரிஞ்சுது, ஓடியாந்தோம். மூணு நாளா பகல்ல கரண்டே இல்ல டீச்சரம்மா. கதிர் வெளிய வர்ற நேரம். இன்னிக்கும் தண்ணி பாயலைன்னா அத்தனையும் பதருதான்.”

அந்தப் பல்பு மோட்டார் லைனில் இருந்து இழுத்ததாம். ஸ்விட்சை எப்போதும் போட்டே வைத்திருப்பார்களாம். அது எரிந்தால் கல்யாணமோ கருமாதியோ, எழுந்து ஓட வேண்டியதுதான். நான் அதை அணைத்துவிட்டு வந்ததைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டுமா என்ன?

“இலையில போட்டது எங்க அரிசியும் இல்ல டீச்சரம்மா” என்றார் அவர். “உங்களுக்காகக் காஞ்சிவரத்துக் கடையில வாங்கினது. ஐ.ஆர். எட்டு எங்களுக்கே எறங்காது.”

“அப்ப எதுக்கு விளைவிக்கிறீங்க?”

“ருசிக்கு யாரு வெலை குடுக்கறாங்க? மூட்டைக்குத்தான் வெலை.”

“பழையபடி எருவைப் போட்டு, சம்பா வைக்கக் கூடாதா?”

“நெலம் காபி குடிச்சுப் பழகின ஆளு மாதிரி ஆயிடுச்சும்மா. யூரியாவை நிறுத்தினா தலைவலின்னு படுத்துக்குது. அதும் வெலை மேல ஏறிக்கினே இருக்குது, கெணத்துத் தண்ணி கீழ எறங்கிக்கினே இருக்குது. நடுவுல நாங்க தொங்கிக்கினு இருக்கறோம்.” மகனைக் காட்டினார். “இவரு இன்னாடான்னா எருவுக்குன்னு ஒரு கழனி முழுக்கக் கொழிஞ்சிச் செடி வெதைக்கிறாரு. பூ பூக்கற வரைக்கும் வளத்து, அதையே மண்ணுல மடக்கி உழுவுறாரு. ஊரே சிரிக்குது.”

மாப்பிள்ளை மடையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. “சிரிக்கட்டும்பா. யூரியா கடைக்காரரு சிரிக்கலையே!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் ஓர் அலறல்.

“வரப்பு ஒடைஞ்சுக்கிச்சு!”

எலி வளை. வரப்பில் ஒரு ஆள் அகலத்துக்கு வாய் பிளந்து, மூன்று நாள் காத்திருந்த தண்ணீர் மொத்தமும் ஓடைக்குள் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் பட்டு ஜவுளிக் கடைக்காரர். சேலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே துடித்துப்போவார். என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார். கால் வழுக்கியது. தும்பைப்பூ வேட்டியோடு தொப்பென்று உட்கார்ந்தார் — சரியாக அந்த உடைப்பில்.

தண்ணீர் நின்றுவிட்டது.

“அப்படியே இருங்க சம்பந்தி! அசையாதீங்க! களிமண் கொண்டாந்துடறோம்!” என்று கத்தினார் மாப்பிள்ளையின் அப்பா.

சம்பந்தி! காலையில் இருந்து ‘சார், சார்’ என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார். ஒரு தாம்பாளம் மாற்றவில்லை, ஒரு வெற்றிலை கைமாறவில்லை. இடுப்பளவு சேற்றில் சம்பந்தம் முடிந்துவிட்டது. கரை அடைத்து முடித்ததும் எல்லோரும் வீடு திரும்பி, சேற்றுக் காலோடு சாப்பிட்டோம். முதல் கவளத்தை நான்தான் எடுத்தேன்.

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. ஆபீஸ் மாப்பிள்ளைக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துவிடும். இவருக்கு மழையும் கரண்டும் மார்க்கெட்டும் ஒரே நாளில் மனசு வைக்க வேண்டும். ஆனால் ஊர் சிரித்தாலும் ஒரு கழனியில் வேறு வழி தேடிப் பார்க்கிற ஆள்... அவரை நம்பிக் கொஞ்சம் கவலைப்படலாம் என்று தோன்றியது. நம்பாமல் கவலைப்படுவதைவிட அது மேல் அல்லவா?

வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“பல்பு எரிஞ்சதும் முதல்ல எழுந்து ஓடினது யாரும்மா?”

“மாப்பிள்ளைதான்.”

“அப்ப எனக்குச் சம்மதம். நம்ம வீட்ல பால் பொங்கி வழிஞ்சாக்கூட அப்பா எழுந்து நான் பார்த்ததில்ல.”

பேப்பருக்குப் பின்னால் இருந்து ரோஷத்தோடு ஒரு குரல் வந்தது:

“நான் எழுந்திருக்காம உட்கார்ந்து இருந்ததாலதான்டி இன்னிக்கு அவங்க வெள்ளாமையே பொழைச்சுது!”