யாரையும் தெரியாது

இத்தாலியின் பலேர்மோ நகரில் தமிழ் முகத்தைக் கண்டதும் வரும் முதல் கேள்வி, யார் வீட்டில் வேலை செய்கிறாய் என்பதுதான். நான் ஸ்பானிய மொழிப் படங்களைப் பற்றி எழுதுகிறவன் என்றால் சிரிப்பார்கள். ஒருமுறை பத்திரிகையாளர் காட்சிக்குப் போனபோது, வாசலில் நின்ற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துப்புரவு ஆட்கள் பின்பக்கமாக வரவேண்டும் என்றாள். பத்திரிகை அட்டையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். அன்றிலிருந்து சினிமாக்காரர்கள் நடுவே என் வீட்டைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. அவர்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். நான் செய்ததற்கு இதைத்தான் சாக்காகச் சொல்லிவந்தேன். இப்போது சொல்வதில்லை.

என் தொழில் பெரிய மாயமொன்றுமில்லை. மாட்ரிட்டிலிருந்தும் புவெனஸ் ஐரிஸிலிருந்தும் படம் வெளிவருமுன் ஒரு லிங்க் அனுப்புவார்கள். களவாகப் பரப்பிவிடக் கூடாதே என்று, படம் முழுக்கத் திரையின் நடுவே என் பெயர் மங்கலாகக் கிடக்கும். அதைத் தாண்டி நடிகர்களின் முகத்தைப் பார்க்கப் பழக வேண்டும். பிறகு யார் தயாரிப்பு, எந்த நாட்டு மானியம், எந்த விழாவில் விலைபோனது என்று தமிழில் ஓர் இணைய இதழுக்கும், இத்தாலிய மொழியில் ஒரு சினிமாத் தளத்துக்கும் எழுதுவேன்.

என் மனைவி மன்னார்க்காரி. பதினாறு ஆண்டுகளாக ஒரே சிஞ்ஞோராவின், அதாவது ஒரே இத்தாலிய வீட்டுக்காரியின், வீட்டில் வேலை செய்கிறாள். மாலையில் வந்து, காலை நீட்டிக்கொண்டு, என்னோடு இருந்து அந்தப் படங்களைப் பார்ப்பாள். ஸ்பானிய மொழி அவளுக்கு இத்தாலிய மொழியின் ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி. பாதி விளங்கும், மீதியை முகங்களில் பிடித்துக்கொள்வாள்.

அப்படி ஒரு மாலை பார்த்தது, ஒரு பெண் இயக்குநரின் படம். மாட்ரிட்டில் பணக்கார வீடொன்றில் வேலை செய்யும் பொலிவியப் பெண்ணின் கதை. வீட்டுக்காரர்கள் வெளியே போனதும் அவள் வரவேற்பறைக்குப் போய், அந்த வெல்வெட் சோபாவில் உட்காருகிறாள். கேமரா நெடுநேரம் அசையாமல் நிற்கிறது. விழாவில் பார்த்த விமர்சகர்கள் எல்லோரும் அதை விடுதலைக் காட்சி என்று தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். என் குறிப்பேட்டிலும் விடுதலை என்றுதான் எழுதினேன். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்.

“ஒருத்தியும் அதில இருக்க மாட்டாள். வெல்வெட்டில இருந்தா அடையாளம் விழும், பிறகு தடவித் தடவிச் சரிப்பண்ண வேணும். நாங்கள் பாத்ரூமில தொட்டியின்ர விளிம்பில இருப்பம். கதவைப் பூட்டலாம், அடையாளமும் விழாது.”

நாலு நாள் கழித்து இயக்குநரோடு காணொளியில் பேட்டி. எனக்கு ஒதுக்கியது இருபது நிமிடம். அந்தப் பெண் ஏன் சோபாவில் உட்காருகிறாள், குளியல் தொட்டியின் விளிம்பில் அல்லவா உட்காருவாள் என்று கேட்டேன். இப்படி ஒருவரும் கேட்டதில்லை, இது உங்களுக்கு எப்படித் தோன்றியது என்றார். மூன்றாம் முறை பார்த்தபோது தோன்றியது என்றேன். படத்தை நான் பார்த்ததே ஒரு முறைதான்.

பேட்டி இரண்டு மொழியிலும் வந்தது. பாராட்டு வந்து குவிந்தது. மனைவி தமிழில் வாசித்துவிட்டு, நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று சொல்லி எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு அந்த இயக்குநர் அடுத்த படத்துக்குக் கதை எழுத பலேர்மோவுக்கே வந்து, ஒரு மாதத்துக்குக் கால்சா என்ற பழைய பகுதியில் வீடெடுத்தார். அங்கே பழுதுபார்த்த ஒரு பழைய மாளிகையின் முற்றத்தில் அவருடைய படத்தைத் திரையிட்டு, கலந்துரையாடலும் வைத்தார்கள். மேடையில் அவரோடு பேச நான்தான் வேண்டும் என்று அவரே கேட்டாராம். மனைவி சிஞ்ஞோராவிடம் நேரத்தோடே விடுப்பு வாங்கி வந்து, என் சேர்ட்டை அயர்ன் பண்ணித் தந்தாள். மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

படம் முடிந்ததும் இயக்குநர் ஸ்பானிய மொழியில் பேச, ஒரு பெண் அதைக் கூட்டத்துக்காக இத்தாலிய மொழியில் சொன்னாள். அடுத்த படமும் இப்படியான பெண்களைப் பற்றியதுதான், இந்த நகரத்தில் நடப்பது என்றார். சோபாவில் விட்ட பிழையை மறுபடி விட மாட்டேன், இந்த வேலை செய்கிற ஒரு பெண் என்னோடு இருந்து எழுத வேண்டும், திரையில் அவர் பெயரும் வரும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, உங்கள் மக்களில் பலருக்கு இதுதானே வேலை, உங்களுக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்டார்.

முன்வரிசையில் தயாரிப்பாளர்கள் இருந்தார்கள். அந்த வாசல்காரியின் பார்வை இத்தனை முகங்களில் வந்துவிடும் என்று பயந்தேன். “தனிப்பட்ட முறையில் யாரையும் தெரியாது,” என்றேன். இத்தாலிய மொழியில், ஒலிவாங்கியில், நல்ல உச்சரிப்போடு.

மனைவி தலை குனியவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் குனிந்தேன்.

கூட்டம் கலைந்தபோது என்னைத் தயாரிப்பாளர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தேடினால் அவளைக் காணவில்லை. வீட்டுக்குப் போனபோது சோறு ஆக்கியிருந்தாள். சாப்பிட்டோம். அவள் கோப்பைகளைக் கழுவப் போனாள். சண்டை பிடித்திருந்தால் பிழைத்திருப்பேன்.

மூன்று வாரம் அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரிந்தேன். இயக்குநர் ஊர் திரும்புமுன் உண்மையைச் சொல்லாவிட்டால், மனைவிக்கு வரவேண்டிய இடத்தை நானே அடைத்தவனாவேன். தினமும் மின்னஞ்சலைத் திறந்து மூடினேன். இங்கே வீட்டு வேலைக்காரருக்கு வியாழக்கிழமை பிற்பகல் ஓய்வு. அந்த நாட்களில் அவள் வெளியே போய்விடுவாள். கோவிலுக்காக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கும் முகம் எனக்கு இல்லை.

அவர் புறப்படவிருந்த வாரம், வியாழக்கிழமை, எழுதியே விட்டேன். தொட்டி விளிம்புக் கேள்வி என் மனைவியுடையது, அவள் பதினாறு ஆண்டுகளாக வீட்டு வேலை செய்கிறாள், அன்று மூன்றாம் வரிசையில் இருந்தாள் என்று. மாலையில் பதில் வந்தது.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தார். கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண்ணே தன்னிடம் வந்து, இந்த வேலை செய்கிறவள் நான் என்றாராம். மூன்று வியாழக்கிழமைகள் பக்கத்தில் இருந்து எழுதியிருக்கிறார், பாதிக் கதை அவருடையதாம். கடைசியில் இரண்டு வரி: “முதல் நாளே உங்களைத் தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். தெரியாது என்றார்.”

பழிவாங்கிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கம் கெட்டவனுக்குக் கோபம்கூட வந்தது. அவள் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்பே அந்தப் பதிலைக் காட்டினேன். நிதானமாக வாசித்தாள்.

“ஏன் தெரியாது எண்டு சொன்னனீர்?” என்று கேட்டேன்.

“வேற என்ன சொல்லுறது? என்ர மனுசன் எண்டு சொன்னா, நீங்கள் அத்தினை பேருக்கு முன்னால பொய் சொன்னது அவவுக்குத் தெரிஞ்சுபோகும். அவையளிட்டை உங்களுக்கு ஒரு மரியாதை இருக்கு.”

சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போனாள். நான் அவளைத் தெரியாது என்றது எதைக் காப்பாற்ற என்று அவள் கேட்கவேயில்லை.