வெள்ளிக்கிழமை கழுவிய ப்ளைவுட்

எங்கள் வீட்டில் சுத்தியல் பிடிப்பது என் கணவருக்குத் தடைசெய்யப்பட்ட வேலை. அவர் சுவரில் பூட்டிய அலமாரித் தட்டு சாப்பாட்டு மேசையில் வந்து விழுந்த நாளிலிருந்து அதுதான் சட்டம். ஆனால் இங்கே ரெய்னர்ஸ் லேனில் நாங்கள் இருக்கும் பழைய வீட்டின் சமையலறைக்கு, எங்கள் பேச்சில் குசினிக்கு, டைல் பதிப்பதென்று முடிவானதும் மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். டைலுக்கு ஆள் வரட்டும், கீழே போடுகிற ப்ளைவுட்டைத் தான்தான் போடுவாராம். தன் கையால் ஒரு வேலையாவது உருப்படியாக அமையவேண்டும் என்ற ஆசை முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

டைல் பதிக்கும் தம்பி எங்கள் ஊர்க்காரர். முதலே வந்து குசினியில் நடந்து பார்த்தார்.

"அண்ணை, பழைய மரத்தளம், ஆடுது. தளம் ஆடினால் டைல் வெடிக்கும். முதல் அதை இறுக்கிப்போட்டு மேல ப்ளைவுட்டைப் போடுங்கோ. சனிக்கிழமை வாறன். ஆட்டம் இருந்தால் பதிக்க மாட்டன்."

அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் இவர் முழங்காலில்தான். ஒருவரையும் உள்ளே விடவில்லை. நான் ஹோலில் மின்சார அடுப்பை வைத்துச் சமைத்தேன். சோபாவெல்லாம் மீன்பொரியல் வாசம்.

வெள்ளிக்கிழமை மாலை நான் வேலையால் வந்து குசினிக் கதவைத் திறந்தால், இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கையில் வாளியும் மறுகையில் தரை கூட்டும் தும்புத்தடியுமாக நிற்கிறார். புதுப் பலகையெல்லாம் தண்ணீர்.

"வெள்ளிக்கிழமையல்லோ. குசினியெல்லாம் மரத்தூள் கிடக்க எப்பிடி விளக்குக் கொளுத்துறது? அதுதான் கழுவிவிட்டனான்."

"பலகையையோ? தண்ணி குடிச்சு ஊதினால் நாளைக்கு அந்தத் தம்பி என்னத்தில டைல் பதிக்கிறது?"

அப்போதுதான் அவர் குனிந்து காலடியைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. அதற்காக நான் விட்டுவிடவில்லை. வீட்டிலிருந்த துவாய் எல்லாவற்றாலும் ஒற்றி எடுத்தோம், ஹீட்டரை வைத்தோம், தலை காயவைக்கும் மெஷினையும் பிடித்தோம். இவ்வளவுக்கும் என் வாய் ஓயவேயில்லை.

காலையில் தம்பி வந்து பலகைகளைத் தடவிப் பார்த்தார். பின்கதவடியில் ஒன்று ஊதியிருந்தது.

"இதில தண்ணி பட்டிருக்கே?"

"நான்தான் தம்பி. வெள்ளிக்கிழமையெண்டு கழுவிப்போட்டன்," என்றார் இவர்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அந்த ஒன்றை மட்டும் கழற்றி, மிச்சமிருந்த பலகையில் வெட்டிப் போட்டார். மற்றவை காய்ந்துவிட்டன என்றார். எழுந்து நடுக்குசினியில் பூட்ஸ் காலோடு துள்ளினார். மூலைக்கு மூலை போய்த் துள்ளினார். ஒரு கிறீச் சத்தம்கூட இல்லை.

"அண்ணை, முந்தி இந்த வேலை செய்தனீங்களோ?"

"இல்லைத் தம்பி, நான் கணக்கு வேலை."

"அசையேல்லை. நான் போட்டிருந்தாலும் இப்பிடித்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு அவர் பசை குழைக்க வாளியை எடுத்தார். இவர் கையை நீட்டி மறித்தார்.

"கொஞ்சம் பொறும் தம்பி." பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு படம் எடும். டைல் போட்டால் பிறகு ஒருத்தரும் பாக்க ஏலாது."

ப்ளைவுட்டின் நடுவில் வெறுங்காலோடு போய் நின்று, சேர்ட்டின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. ஒரு படம்தான் கேட்டார். நான் நாலு மூலையிலும் நின்று, ஸ்க்ரூ எல்லாம் தெரியும்படி எடுத்தேன்.