மாமி நின்று வார்த்த சில்லு

கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் கல்முனைப் புடவைக்கடையொன்றில் துணி அளந்துகொண்டிருந்த நானும் அப்படித்தான் போனேன். பெண் வீட்டு வளவுக்குள் நெல் அடிக்கும் மெசின் செய்யும் பட்டறை இருந்தது; நானும் அதிலேயே வேலைக்குச் சேர்ந்துகொண்டேன். வளவு மாமியின் சீதனம். மாமாவும் ஒரு காலத்தில் அங்கே மாப்பிள்ளையாக வந்தவர்தான். கலப்பைக்கொழு அடிக்கத் தொடங்கி, மெசின் வரைக்கும் வந்திருந்தார்.

மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. வழக்கம் அப்படி. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லியனுப்புவார்.

அறுவடைக்கு முன் ஒரு காலையில், மெசினைச் சுழற்றும் பெரிய சக்கரத்தை, அந்தச் சில்லை வார்க்க உலை மூட்டியிருந்தோம். உள்ளே பழைய இரும்பு உருகிக்கொண்டிருந்த நேரம் மாமாவுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு நடுங்கத் தொடங்கியது. தாங்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். பதம் பார்க்க வேறு ஆள் இல்லை, உலையை அணைத்துவிடுவோம் என்றார் மூத்த மருமகன்.

அப்போதுதான் மாமி முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"அணைச்சா எல்லாம் உள்ளுக்கே உறைஞ்சிரும். நான் பாக்கன்."

உலைவாயின் முன்னால் போய் நின்றார். இத்தனை வருசமும் சமைத்தபடி குசினி ஜன்னலால் அவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெக்கையில் முகம் சிவந்து வியர்வை வழிந்தது, அவர் அசையவில்லை. உருகிய இரும்பை வாளியில் ஏந்தி, ஆளுக்கொரு பக்கம் தண்டைப் பிடித்தபடி நானும் மூத்த மருமகனும் மண்ணச்சுக்குப் பக்கத்தில் காத்து நின்றோம். வாளிக்குள் உற்றுப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"மகன், இப்ப ஊத்துங்க. இடையில நிப்பாட்டாதீங்க."

அவர் என்னிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை அது. ஊற்றினோம். வெயிலையே கரைத்து ஊற்றுவதுபோல இருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை.

மறுநாள் மண்ணை உடைத்தபோது சில்லு ஒரு வெடிப்பில்லாமல் முழுசாக இருந்தது. மாமா போர்வையோடு எழும்பி வந்து சுத்தியலால் தட்டினார். கணீரென்றது. திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தார்.

சில்லைப் பூட்டி, நற்பிட்டிமுனை வயலில் அந்த மெசினை ஓட விட்டோம். அதுவரை கதிர்மேல் டிராக்டரை, உழவு மெசினைச் சுற்றிச் சுற்றி ஓட்டிச் சூடடித்த களம் அது. இப்போது கதிர் உள்ளே போனது, வைக்கோல் மறுபக்கம் பறந்தது, கீழே நெல் கொட்டியது. வந்திருந்தவர்கள் கதையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நான் கைநிறைய நெல்லை அள்ளிப் பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை.

எண்பதுகளில் எங்கள் மெசின்கள் தெற்கே திருக்கோவில் ஊர் வரைக்கும் போயின. உலை மூட்டுகிற நாளில் மாமா முதலில் மாமியைத்தான் கூப்பிடுவார். அவர் வந்து நிற்கும்வரை எங்களில் ஒருவரும் வாளியில் கை வைப்பதில்லை.