பயத்துக்கு ஒரு பெரிய சொல்

என் தேர்வைக் கெடுத்தது ஆங்கில வகுப்பு மாஸ்டர்தான். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்குப் போக, ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் தேர்வில் தேற வேண்டும். அதற்காக ஞாயிறுதோறும் எங்கள் ஊரான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் பிடித்து, ரயில் ஜங்ஷன் பக்கத்தில் இருக்கும் அவருடைய வகுப்புக்குப் போனேன்.

"ஃபியர்னு சின்னப் புள்ளகூடச் சொல்லும். நீங்க பெரிய ஆளு முன்னால உக்காரப் போறிய. ட்ரெபிடேஷன்னு சொல்லணும். அதான் மரியாதை" என்பார்.

நாங்கள் அப்படியே நம்பினோம். வயதில் மூத்தவரை நாம் 'வா' என்பதில்லை, 'வாங்க' என்போம். ஆங்கிலத்தில் நீளமான சொல்தான் அந்த 'வாங்க' என்று நினைத்துக்கொண்டோம். பயத்தைத் தணிப்பதற்கு 'அசுவேஜ்', நோவைக் குறைப்பதற்கு 'அமீலியரேட்'. பஸ்ஸில் முணுமுணுப்பேன், வார்டில் முணுமுணுப்பேன்.

"ஏட்டி, ஊசி போடுதியா, மந்திரம் ஓதுதியா?" என்று கூட வேலை பார்க்கிறவள் கேலி செய்வாள்.

அந்தச் சொற்கள் எனக்குப் பிடித்திருந்தன என்பதும் உண்மை. ஒவ்வொன்றும் வாயில் படிந்த நாளில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

தேர்வில் எதிரே இருந்தவர் நோயாளியாக நடித்தார். இதய ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர். "நான் செத்துப்போவேனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். உங்கள் ட்ரெபிடேஷனை அசுவேஜ் செய்கிறேன் என்றேன். புரியவில்லை என்றார். மரியாதை போதவில்லை போலும் என்று, அதைவிடப் பெரிய சொல்லாக எடுத்துப் போட்டேன். அவர் மூன்றாம் முறை கேட்கவில்லை. தேறவில்லை என்று முடிவு வந்தது.

அந்த வாரமே எங்கள் ஊர் வாழை விவசாயி ஒருவரை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, பொழச்சிருவேனா?"

"பொழைக்காம எங்க போவப் போறிய அண்ணாச்சி? வாழைக்கு யாரு தண்ணி பாய்ச்சுவா? பைய மூச்சு விடுங்க."

சிரித்தார். கை தளர்ந்தது. கதவு மூடியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேர்வில் கேட்டது இவ்வளவுதானே! தினமும் செய்கிற வேலை. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலமே அதற்குப் போதுமே. பயந்து கிடக்கிற மனுஷனுக்குப் புரிகிற மாதிரி பேசுவதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன்.

"இன்னும் நல்லா மனப்பாடம் பண்ணிருக்கணும்மா" என்றார்.

அதோடு விட்டாரா? அடுத்த ஞாயிறு புதிதாகச் சேர்ந்தவர்களிடம், நான் ஒழுங்காகப் படிக்காததால்தான் தோற்றேன் என்று சொல்லியிருக்கிறார். அதில் பேட்டையிலிருந்து வருகிற ஒரு நர்ஸும் இருக்கிறாள். அடுத்துத் தேர்வுக்குப் போய் உட்காரப் போகிறவள் அவள். அவளும் இப்போது ட்ரெபிடேஷன் படிக்கிறாள்.

மாஸ்டர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். ஞாயிறு வகுப்பில், அத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள். சாவைப் பற்றிக் கேட்கிற நோயாளியிடம் அவனுக்குப் புரியாத சொல்லைப் போடு என்று எங்களுக்கு ஏன் கற்றுக்கொடுத்தீர்கள்? அந்தப் பேட்டைப் பெண்ணுக்கும் அதையே ஏன் கற்றுக்கொடுக்கிறீர்கள்? பதில் சொல்லுங்கள்.